ஜாதுகரில் ஒரு பகல்

கொல்கத்தாவில் வாழும் தமிழ்க் குடும்பங்களில், ஊரிலிருந்து விருந்தினர் வந்தால் காளிகட்டத்தையும் தக்ஷிணேசுவரத்தையும் காட்டிவிட்டு, நேரம் மிஞ்சினால் சௌரங்கியிலுள்ள இந்தியப் பொருட்காட்சிசாலைக்கும் அழைத்துச் செல்வது வழக்கம். வங்காளிகள் அதனை ஜாதுகர், அஃதாவது மாயவீடு, என்றே அழைப்பர். எகிப்தியப் பிரேதத்தின் முன் சற்று நின்று குழந்தைகளுக்கு அச்சமூட்டிவிட்டு, ஏனைய கூடங்களை விரைவு வண்டி சிறு நிலையங்களைக் கடப்பதுபோல் நாம் கடந்துவிடுவோம் என்பதை அன்பர்கள் மறுக்கமாட்டார்கள்.

சென்ற மார்கழியில் ஒரு ஞாயிறன்று நாங்கள் நான்கு குடும்பத்தாராய்க் காளிகட்டத்தில் பாதாள இரயிலேறிப் பார்க் தெரு நிலையத்தில் இறங்கினோம். இந்தியாவிலேயே முதன்முதலாக 1984-ஆம் ஆண்டில் ஓடத் தொடங்கிய பாதாள இரயில் இதுவே என்பதைப் பிள்ளைகளுக்கு வழியிலேயே சொல்லிவைத்தோம். இரயில்வே உத்தியோகத்திலிருப்போர்க்கு இந்தப் பெருமை விட்டுப்போகாது.

1814-ஆம் ஆண்டில் ஆசியக் கழகத்தாரால் தொடங்கப்பெற்ற சாலை இது. டேனிஷ் தேசத்துத் தாவர நூல் வல்லுநரான நதானியேல் வாலிச் என்பவர் இதற்கு வித்திட்டவர். இன்றுள்ள வெண்ணிற மாளிகை 1878-இல் மக்களுக்குத் திறக்கப்பட்டது. நாங்கள் இம்முறை நெடுநேரம் தங்கியது பரூத் கூடத்தில். அலகாபாத்–ஜபல்பூர் மார்க்கத்திலுள்ள ஸத்னா நிலையத்திற்குச் சில மைல் தொலைவில் பரூத் என்னும் சிற்றூர் உளது. அங்கே கி.மு. இரண்டாம் நூற்றாண்டில் எழுந்த பௌத்த ஸ்தூபம் ஒன்றின் சிதைவுகளை 1873-இல் கன்னிங்ஹாம் துரை கண்டறிந்தார். எஞ்சிய செங்கல் நிறத்துக் கல்வேலியும் தோரண வாயிலுமே இக்கூடத்தில் நிறுத்தப்பட்டிருக்கின்றன. தாமரை வட்டங்களுள் புத்தரின் முற்பிறப்புக் கதைகள். அடியில் பிராமி எழுத்தில் கதையின் பெயரும், கல்லுக்குப் பொருளுதவியவர் பெயரும். பார்ப்போர்க்குப் பெயர்ச் சீட்டு வேண்டுமென்று இரண்டாயிரம் ஆண்டுகட்கு முன்பே அச்சிற்பிகள் எண்ணியிருந்தனர் போலும்!

எங்களுடன் வந்த பாட்டியம்மாள் ஒருவர் அறுபது ஆண்டுகளாக இந்நகரில் வாழ்கிறவர். லேக் மார்க்கெட்டில் கத்தரிக்காய்க்கு வங்காளியில் பேரம் பேசுவார். ஆயின் தமிழன்றி வேறு எழுத்தறியார். அவருடைய பேரனோ பிற எழுத்துக்களையெல்லாம் படிப்பான். தமிழெழுத்தை மட்டும் கூட்டிக் கூட்டித்தான் படிப்பான். இவ்விருவர்க்கும் இடையே அன்று கைப்பேசி துபாஷியாக வந்தது. ஆங்கிலக் குறிப்பின்மேல் அதனைக் காட்டியதும், கண்ணாடிமேல் எழுத்துக்கள் தமிழாய் மாறின. பொத்தானை அழுத்த, ஒரு பெண் குரல் அதனைப் படித்தும் காட்டியது. நிலத்தைப் பொற்காசுகளால் பரப்பி ஜேதவனத் தோட்டத்தை விலைக்கு வாங்கிய வணிகனின் கதையை அவ்வாறு கேட்ட பாட்டியம்மாள், மாட்டுவண்டியையும் காசு பரப்பும் ஆட்களையும் விரலால் தேடிக் கண்டுகொண்டு, "இத்தனை வருஷமாய்ப் பார்த்த கல், இன்றைக்குத்தான் வாய் திறந்தது" என்றார். அந்த ஒரு சொல்லுக்காகவே இந்த யந்திர அறிவை வாழ்த்தலாம்.

ஆனால் வேடிக்கையும் உடன் வந்தது. ஸ்தூபத்தைச் சூழ்ந்த வேலிக்கு ஆங்கிலத்தில் உள்ள சொல்லை அந்த யந்திரம் "தண்டவாளம்" என்று மொழிபெயர்த்துத் தந்தது. அசோகன் காலத்தை அடுத்தே நம் இலாகா தொடங்கிவிட்டதோ என்று நாங்கள் நகைத்தோம். அடுத்தது நகைக்கத்தக்கதாக இல்லை. குறிப்பைக் காட்டாமல் சிற்பத்தை மட்டும் காட்டி, இஃது என்னவென்று பேரன் வினவினான். மரத்திலிருந்து மரத்திற்கு உடலையே பாலமாய் நீட்டிக் கிடக்கும் ஒரு குரங்கும், அதன் முதுகின்மீது ஏறிக் கடக்கும் குரங்குகளும் அதிலிருந்தன. "இராமாயணத்தில் அனுமான் கடல் கடக்கும் காட்சி" என்று, முன்பு பேசிய அதே தடுமாற்றமற்ற குரல் விடையிறுத்தது. பாட்டியம்மாள் கைகூப்பிவிட்டார். எங்களுள் கல்லூரி மாணவியொருத்தி அருகிலிருந்த குறிப்பைப் படித்து, அது மகாகபி ஜாதகம் என்றும், தன் கூட்டத்தைக் காக்க உயிரீந்த குரங்கரசனாய்ப் புத்தர் பிறந்த கதையென்றும் விளக்கினாள். "அதனாலென்ன, கும்பிட்டது வீண்போகாது" என்றார் பாட்டியம்மாள். பேரனோ, "அப்படியானால் மற்றக் கூடங்களில் அது சொன்னதெல்லாம் சரியென்று எப்படித் தெரியும்?" என்று கேட்டான். எங்களில் எவராலும் விடை கூற இயலவில்லை.

நிற்க. இந்த யந்திரம் கல்லை அறிந்து பேசுவதன்று. கோடிக்கணக்கான வாக்கியங்களையும் படங்களையும் முன்னரே பயின்று, எதற்கடுத்து எது வரத்தகும் என்று கணித்தே பேசுகிறது. குரங்கும் பாலமும் சேர்ந்தால் இராமாயணம் என்பது அதன் கணக்கு. ஆங்கிலத்தில் பயிலக் கிடைத்த அளவு தமிழில் அதற்குக் கிடைக்காமையால், நம் மொழியில் இடறல் மிகுதி. பிற நாடுகளில் இதனைச் சற்று எச்சரிக்கையுடன் கையாளுகின்றனர். பாரிஸ் நகரின் ஓர்ஸே காட்சிசாலையில் 2023-இல் ஓவியர் வான் கோவின் கடிதங்களைப் பயிற்றுவித்து, அவரே விடையளிப்பதுபோல் ஓர் ஏற்பாடு செய்தனர். கேம்பிரிட்ஜ் விலங்கியல் காட்சிசாலையில் 2024-இல், அழிந்தொழிந்த டோடோ பறவை முதலிய பதின்மூன்று உருப்படிகள் பார்வையாளருடன் உரையாடின. உலகத்திலுள்ளதையெல்லாம் கேட்டுப் பேசாமல், அறிந்தோர் தேர்ந்தளித்த ஏடுகளை ஆதாரமாகக் கொண்டு பேசுவதே இத்தகைய ஏற்பாடுகளின் உயிர்நிலை.

நம் நாட்டிலும் மொழிபெயர்ப்புக்கென அரசாங்கமே 2022-இல் பாஷினி என்னும் திட்டத்தைத் தொடங்கியிருக்கிறது. பொருட்காட்சிசாலையின் அறிஞர்கள் எழுதிவைத்த குறிப்புக்களை மட்டும் அடிப்படையாகக் கொண்டு, தெரியாததைத் தெரியாதென்று கூறும் துபாஷி ஒன்று இத்தகைய கூடங்களுக்குக் கிட்டுமாயின், ஊர்விட்டு ஊர் வந்த நம்மனோர்க்கு அதனினும் பேருதவி இல்லை. நம் சங்கமும் சும்மா இருக்கவேண்டியதில்லை. வேலி, தோரணம், ஜாதகம் போன்ற சொற்களுக்குத் தக்க தமிழைக் குறித்து அனுப்ப நம்மிடையே ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் பலர் உளர்.

செல்ல விரும்புவோர்க்கு ஒரு வார்த்தை: திங்கட்கிழமை விடுமுறை. படமெடுக்கும் விதிகளைச் சீட்டு வாங்குமிடத்திலேயே கேட்டறிக. காதில் மாட்டும் கருவியை ஆளுக்கொன்றாக எடுத்துச் செல்லவேண்டா. எங்கள் பிள்ளைகள் முதல் அரைமணி நேரம் அவ்வாறே தனித்தனியே திரிந்தனர். பாட்டியம்மாள் அவற்றைக் கழற்றிப் பையிலிட்டுக்கொண்ட பின்னரே குரங்கரசன் கதையை எல்லோரும் ஒன்றாய் நின்று கேட்டோம்.