கட்டளைக் கம்பியும் கானமும்

களனி ஆற்றுக்கு வடக்கே, நீர்கொழும்பு வீதியை அடுத்துள்ள வத்தளையிற் பகல் வேளையில் அமைதியாக இசை கேட்டல் அரிது. வீதியின் வாகன இரைச்சலும், கட்டுநாயக்காவை நோக்கித் தாழ்ந்து பறக்கும் விமானங்களின் முழக்கமும் செவியை நிறைத்துவிடும். ஆதலால், இளைப்பாறிய அந்தக் கணித ஆசிரியர் இரவு பத்து மணி வரை காத்திருப்பார். ஊர் அடங்கிய பின்னரே அவர் தம்மிடமுள்ள பழைய ஒலிநாடாவைக் கேட்பது வழக்கம்.

அது 1979ஆம் ஆண்டு வெள்ளவத்தை வீட்டு முன்கூடத்திற் பதிவுசெய்யப்பட்டது. பாடுபவர் அவருடைய மனைவி. 1983 ஆடியில் அவ்வீடும் அதிலிருந்தனவும் எரிந்தன. யாழ்ப்பாணத்து உறவினர் ஒருவர் இரவலாகப் பெற்றுச் சென்றிருந்தமையால் இந்த ஒரு நாடா மட்டும் தப்பியது. மனைவியாரும் இன்றில்லை. எனவே அந்நாடாவில் எஞ்சியிருப்பது வெறும் பாட்டன்று. ஒரு மனிதரின் குரல்.

அண்மைக் காலமாக ஆசிரியரின் கைகள் நடுங்கத் தொடங்கின. அறையின் இருபுறமும் சென்று கருவிகளை ஒவ்வொன்றாக இயக்குதல் அவருக்கு இயலாததாயிற்று. கனடாவிலிருந்து விடுமுறையில் வந்த மகன் அதற்கு ஒரு வழி செய்தான். நாற்காலியருகே உள்ள முன்விரியலாக்கியின் பொத்தானை அழுத்தினாற் போதும். அதன் பின்புறத்திலிருந்து செல்லும் மெல்லிய கம்பி 12 வோல்ற்று அழுத்தத்தைக் கொண்டுசென்று, அறையின் மறுகோடியில் ஒலிபெருக்கிகளின் அருகே உள்ள வலுவிரியலாக்கியை விழிப்பிக்கும். நாடாக் கருவியும் மின் கிடைத்தவுடன் தானாகவே சுழலத் தொடங்கும். பிறர் உதவியின்றி மனைவியின் குரலைக் கேட்கும் உரிமையை அக்கம்பி அவருக்கு மீட்டுக் கொடுத்தது எனலாம்.

ஆயினும் மகன் திரும்பிச் சென்ற பின்னர் ஒரு குறை தெரிந்தது. பாட்டுத் தொடங்குமுன் நாடாவிலுள்ள சிறு மௌனத்தில் மெல்லிய முனகல் ஒன்று கேட்டது. ஒருநாள் உடனிருந்து கேட்ட அயல் நண்பர் உடனே தீர்ப்புக் கூறிவிட்டார்.

“மாஸ்ரர், உந்தக் கம்பியைக் கழற்றி எறியுங்கோ. அது குரலின்ரை உயிரையே உறிஞ்சுது. இல்லாட்டி விரியலாக்கியின்ரை பிளக்கிலை உள்ள எர்த் ஊசியையாவது வெட்டிவிடுங்கோ.”

எறிந்தாற் குரலைத் தனித்துக் கேட்கும் வசதி போய்விடும். வைத்திருந்தாற் குரலே கெடும் என்ற ஐயம். பல இரவுகள் ஆசிரியர் நாடாவைத் தொடாமலே இருந்தார்.

இந்நிலையிற் பௌதிகம் பயிலும் பேர்த்தி பல்கலைக்கழக விடுமுறைக்கு வந்தாள். நண்பரின் கூற்றில் இரு குற்றச்சாட்டுகள் கலந்துள்ளன என்பதை அவள் முதலிற் சுட்டிக்காட்டினாள். முனகல் கேட்கின்றது என்பது ஒன்று; குரலின் தன்மை மாறுகின்றது என்பது மற்றொன்று. இரண்டும் வெவ்வேறாக ஆராயப்பட வேண்டியவை.

கட்டளைக் கம்பியில் இசை செல்வதில்லை. இயங்கு, நில் என்னும் செய்தி மட்டுமே செல்கின்றது. ஆகவே அது குரலுக்கு நிறம் பூசுதற்கு இடமில்லை. ஆனால் அக்கம்பியில் இரு இழைகள் உள்ளன. அவற்றுள் ஒன்று இரு கருவிகளின் பொது முனைகளையும் இணைக்கின்றது. இசையைக் கொண்டுசெல்லும் வடத்தின் உறையும் அவ்வாறே இணைக்கின்றது. இவ்வீட்டில் இசைவடம் ஒரு சுவரோரமாகவும் கட்டளைக் கம்பி எதிர்ச்சுவரோரமாகவும் சென்றன. எனவே இரண்டும் சேர்ந்து அறையளவான மூடிய வளையமாயின. மாறும் காந்தப்புலம் வளையத்தில் மின்னோட்டத்தைத் தூண்டும் என்பதை 1831இலேயே பரடே கண்டறிந்தார். வீட்டு மின்கம்பிகளையும் நிலைமாற்றிகளையும் சூழ்ந்துள்ள 50 ஹேட்ஸ் மீடிறனுடைய புலம் அவ்வளையத்திற் சிற்றோட்டத்தை எழுப்பியது. அவ்வோட்டம் இசைவடத்தின் உறையினூடாகச் செல்கையில் உண்டாகும் சிறு அழுத்தம் இசையோடு கலந்து முனகலாயிற்று. இரண்டு வோல்ற்று இசையின்முன் இரண்டு மில்லிவோல்ற்று என்பது ஆயிரத்தில் ஒரு பங்கே. ஆயினும் மௌனத்தில் அதுவும் கேட்கும்.

இத்தொல்லை புதியதன்று. தொடக்ககாலத் தொலைபேசிகள் ஒற்றைக் கம்பியையும், திரும்பும் வழியாகப் பூமியையும் கொண்டிருந்தமையால் அயற்கம்பிகளின் இரைச்சலை வாங்கின. இரு கம்பிகளையும் ஒன்றோடொன்று முறுக்கி இடையேயுள்ள பரப்பைக் குறைக்கும் முறைக்கு அலெக்சாந்தர் கிரகாம் பெல் 1881இற் காப்புரிமை பெற்றார். 1925இற் கொழும்பில் வானொலிச் சேவையைத் தொடக்கிய எட்வர்ட் ஹார்ப்பரும் தந்தித் துறைப் பொறியியலாளரே. ஒலியைக் காக்கும் கலையின் பெரும்பகுதி, கம்பிகளை எங்ஙனம் இணைப்பது என்ற பழைய அறிவிலேயே தங்கியுள்ளது.

எர்த் ஊசியை வெட்டும் யோசனையோ இருவகையிலும் தவறு. இங்கு வளையம் அமைந்தது இரு கம்பிகளினால். ஊசியை வெட்டினால் அது அறுபடாது. உயிர்க்காப்பு மட்டும் அறுபடும்.

பேர்த்தி பரிசோதனையொன்றை ஒழுங்குசெய்தாள். வலுவிரியலாக்கியை அதன் கையாளியால் இயக்கிவிட்டு, அம்மப்பாவைக் கருவிகளுக்கு முதுகுகாட்டி இருத்தினாள். நாணயத்தைச் சுண்டி, விழுந்த பக்கத்திற்கேற்பக் கம்பியைச் செருகியும் கழற்றியும் பதினாறு முறை நாடாவை ஓட்டினாள். பதினாறு முறையும் அவர் சரியாகச் சொன்னார். முனகல் கற்பனையன்று என்பது நிலைபெற்றது.

பின்னர் அவள் கம்பியின் முடிவில் ஒரு சிறு பெட்டியைப் பொருத்தினாள். அதனுள்ளே 12 வோல்ற்று ஓர் ஒளியுமிழியை எரிக்கும். அவ்வொளியைக் கண்ட உணரி மறுபக்கத்துச் சுற்றை மூடும். அச்சுற்றுக்கு மின் தருவது தனியான சிறு மின்கலம். இரு பக்கங்களுக்கும் இடையே உலோகத் தொடர்பு இல்லை, வளையம் அறுந்தது. மீண்டும் பதினாறு முறை. இம்முறை ஒன்பதே சரி. வெறும் ஊகத்தினாற் பன்னிரண்டோ அதற்கு மேலோ சரியாக அமையும் வாய்ப்பு நூற்றுக்கு நான்களவே என்பதைக் கணித ஆசிரியரே கணக்கிட்டுச் சொன்னார். ஒன்பது எதனையும் நிறுவாது. இத்தகைய மறைமுக ஒப்பீட்டிற்கான கருவியொன்றை 1982இல் டேவிட் கிளார்க் ஒலிப்பொறியியற் சங்க ஆய்விதழில் விளக்கியிருந்தார். வத்தளையில் அதற்குப் பதிலாக அமைந்தவை ஒரு நாணயமும் ஒரு நேர்மையும்.

நண்பரும் அழைக்கப்பட்டார். அவர் எட்டு முறை சரியாகச் சொன்னார். சிறிது நேரம் பேசாதிருந்துவிட்டு, “முந்தி இரைச்சல் கேட்டது உண்மைதானே” என்றார். அதை எவரும் மறுக்கவில்லை. அவருடைய செவி பொய் சொல்லவில்லை. செவி கூறிய ஒன்றோடு மனம் மற்றொன்றைச் சேர்த்துக்கொண்டது. தானியக்கத்தைக் குறைகூறுவோரிற் பலர் இவ்வாறே முனகலை மெய்யாகக் கேட்டுக் குரல் கெட்டதென்று முடிவுகட்டுகின்றனர். அதனை மறுப்போரோ, குரல் கெடாதெனக் கண்டு முனகலையும் இல்லையென்கின்றனர்.

அன்றிரவு பத்து மணிக்கு ஆசிரியரின் நடுங்கும் விரல் பொத்தானை அழுத்தியது. நாடாவின் வழமையான சீறல் எழுந்தது. அதன்பின் வரும் மௌனத்தில், பாடத் தொடங்குமுன் ஒருவர் மூச்சை உள்ளிழுக்கும் ஓசை தெளிவாகக் கேட்டது. அம்மம்மாவை ஒருபோதும் கண்டிராத பேர்த்தி நிமிர்ந்து பார்த்தாள். “பாட முந்தி அவ எப்பவும் அப்பிடித்தான்” என்றார் அவர்.