இருபது காசுக்கு முணுமுணுக்க வேண்டாம்



ஓய்வுபெற்ற பிறகு வாரத்தில் நான்கு நாளாவது தேக்கா உணவங்காடி நிலையத்தில்தான் என் பசியாறல். நான் தோசை சாப்பிட, அதே மேசையில் ஒரு சீனப் பாட்டி பீஹூன் சாப்பிடுவார். சிங்கப்பூரில் இது யாருக்கும் அதிசயமில்லை.

தெருவோரம் விற்றவர்களை 1970களிலும் 1980களிலும் அரசாங்கம் இத்தகைய நிலையங்களுக்குள் கொண்டுவந்தது. குழாய்த் தண்ணீர் கிடைத்தது, சுத்தம் வந்தது. 2020 டிசம்பரில் நம் அங்காடிக் கலாசாரம் யுனெஸ்கோ பட்டியலிலும் ஏறியது. பெருமைதான். ஆனால் விடியுமுன் எழுந்து மாவு பிசைய இனி யார் வருவார்?

கடைக்காரர்கள் பலருக்கு அறுபது தாண்டிவிட்டது. இந்த அடுப்புச் சூடு தம் பிள்ளைகளுக்கு வேண்டாம் என்றே உழைத்தவர்கள். அந்தப் பிள்ளைகளில் சிலருக்கு நான் பாடம் சொல்லியிருக்கிறேன். இன்று அவர்கள் பொறியாளர்கள், தாதியர். அதில் எனக்கு மகிழ்ச்சியே. கடை மூடுவதில் வருத்தமும் உண்டு. இரண்டும் உண்மை.

ஆகவே ஒரு வேண்டுகோள். குளிர்சாதன உணவகத்தில் சேவைக் கட்டணம், வரி எல்லாம் பேசாமல் கொடுக்கிறோம். இங்கே பிராட்டா இருபது காசு ஏறினால் முணுமுணுக்கிறோம். அது வேண்டாம். பிள்ளைகளையும் அழைத்து வாருங்கள். தட்டை எடுத்து வைக்கப் பழக்குங்கள். கடைக்கார அக்காவிடம் தமிழில் இரண்டு வார்த்தை பேசச் சொல்லுங்கள்.

வரும் ஞாயிறு யார் யார் வருகிறீர்கள்? கோப்பி என் செலவு.