அராலியில் ஒரு வான்குடில்

யாழ்ப்பாண நகரை விட்டு மேற்றிசை நோக்கிச் செல்வோர் காக்கைதீவைக் கடந்ததும் கல்லுண்டாய் வெளியை அடைவர். ஒரு புறம் கடனீரேரி. மறு புறம் உவர் படிந்த தரவை. மறைப்பதற்கு ஒன்றும் இன்மையால் பொழுது சாய்ந்ததும் வானம் அடிமுதல் முடிவரை தோன்றும். அவ்வெளிக்கு அப்பால் உள்ளது அராலி.

வானநூலோடு இப்பகுதிக்குள்ள உறவு பழையது. அயலூராகிய வட்டுக்கோட்டையில் 1823ஆம் ஆண்டு அமெரிக்க மிசனரிமார் நிறுவிய செமினரியில் வானநூலும் ஒரு பாடமாக இருந்தது. அராலியிலோ பஞ்சாங்கம் கணிப்பதில் பெயர்பெற்ற விசுவநாத சாஸ்திரியார் வாழ்ந்தார். 1829இல் நிகழவிருந்த சந்திர கிரகணம் ஒன்றைப் பற்றிச் சாஸ்திரியார் கணித்த நேரமும், செமினரித் தலைவர் டானியல் பூர் கணித்த நேரமும் வேறுபட்டன. வானமே நடுவராயிற்று, செமினரியின் கணக்கே நிகழ்ச்சியோடு நெருங்கிப் பொருந்தியது.

இதனால் நம்மவர் கணிதத்தை இழிவாக எண்ணுதல் தகாது. 1825இல் புதுச்சேரியில் தமிழ்க் கணிதர் ஒருவர், எழுதுகோலின்றி, சோகிகளை நிலத்தில் அடுக்கி, மனனஞ் செய்த வாய்பாடுகளைக் கொண்டே கிரகணம் கணித்ததை ஜோன் வாரன் என்னும் ஐரோப்பியர் பதிவு செய்தார். கிரகணத் தொடக்கத்தில் அவர் கணக்குப் பிழைத்தது 4 நிமிடமே. முடிவில் 52 நிமிடம் பிழைத்தது என்பதையும் மறைக்க வேண்டியதில்லை.

இத்தகைய ஊரில், 2025ஆம் ஆண்டு செப்டெம்பர் 7ஆம் நாள், முழுச் சந்திர கிரகணம் காண நாம் நண்பர் ஒருவர் வளவுக்குச் சென்றோம். அவர் ஓய்வுபெற்ற கணித ஆசிரியர்.

கிணற்றடிக்கு அப்பால், வேலியோரமாக, பத்தடிச் சதுரத்தில் ஒரு குடில். அதன் தகரக் கூரை தண்டவாளத்தில் உருண்டு ஒரு புறமாக விலகும். நடுவிலுள்ள சீமெந்துத் தூண் நிலத்தோடு தொடாதவாறு தனித்து எழுப்பப்பட்டுள்ளது. நடப்பவர் காலதிர்வு தொலைநோக்கியைச் சேராதிருக்கவே இவ்வேற்பாடு. தொலைநோக்கியின் அச்சு வடதுருவத்தை நோக்க வேண்டும். நம் குடாநாட்டில் துருவ நட்சத்திரம் அடிவானுக்கு மேல் பத்துப் பாகையளவே உயர்ந்து நிற்பதால், பனை வட்டுகளுக்கிடையே அதனைத் தேடிப் பிடிக்க வேண்டியிருந்தது என்றார் நண்பர். பூமி மணிக்கு 15 பாகை சுழல்வதற்கு ஈடாகத் தொலைநோக்கியை மோட்டர் ஒன்று திருப்பும். அதனை ஆள்வது மூலையிலுள்ள பழைய கணினி.

உயிரற்ற பெட்டி

மாலை ஐந்து மணிக்கு நண்பர் கணினியின் பொத்தானை அழுத்தினார். ஒளியில்லை; விசிறியின் ஓசையுமில்லை. அயற்பிள்ளைகள் வரத் தொடங்கிவிட்டனர். அதனினும் பெரிய கவலை வேறொன்று. பூமியின் நிழல் டைக்கோ, கொப்பர்நிக்கஸ் முதலிய சந்திரக் கிண்ணக்குழிகளை எந்த விநாடியில் தொடுகிறது என்று குறிப்பது அவர் வழக்கம். 2018 யூலை கிரகணத்தில் எடுத்த குறிப்புகளும் படங்களும் அந்தப் பெட்டிக்குள்ளேயே இருந்தன. வேறு பிரதி இல்லை.

தொழில்நுட்பக் கல்லூரியில் பயிலும் அவர் மருமகன் பெட்டியை உடனே பிரிக்க முற்பட்டார்.

"பதறாதேயும், தம்பி. சுவரிலிருந்து தொடங்குவோம்" என்றார் நண்பர்.

"சரி, மாமா. ஒவ்வொன்றாகப் பார்ப்போம்."

உயிரற்ற யந்திரத்தைக் கண்டதும் பலர் ஒரே வேளையில் பலவற்றை மாற்றிவிடுவர். எதனாற் கெட்டது, எதனால் உயிர்த்தது என்பது பின்னர் விளங்காது. இவர்களோ சுவர்த் துளையில் மேசை விளக்கைச் செருகினர், எரிந்தது. எனவே மின்சாரம் உண்டு. வேறொரு கம்பியை மாற்றினர், பயனில்லை. எனவே கம்பியிலும் குற்றமில்லை. அடுத்தது மின்வழங்கிப் பெட்டி. அதிலிருந்து தாய்ப்பலகைக்குச் செல்லும் 24 முனைச் செருகியைக் கழற்றி, பச்சைக் கம்பியின் முனையையும் கறுப்புக் கம்பியின் முனையையும் கடதாசிக் கவ்வியொன்றால் இணைத்துப் பார்த்தார் மருமகன். நலமான பெட்டியாயின் அதன் விசிறி சுழலும், இது அசையவில்லை. நோய் இருக்குமிடம் தெரிந்தது.

காற்றுத் துளைகளூடாக ரோச் விளக்கைப் பிடித்து நோக்கினோம். உள்ளே பல்லியொன்று கருகிக் கிடந்தது. பல்லி சொல்லுக்குப் பலன் பார்க்கும் ஊரில், பாவம், அது தன் பலனை அறியாது போயிற்று. மின்வழங்கிப் பெட்டியைத் திறத்தல் ஆகாது. மின்சாரத்தைத் துண்டித்த பின்னும் அதனுள் ஆபத்தான மின்னேற்றம் தங்கியிருக்கும் என்பதை இளைஞர் மறத்தலாகாது.

வீட்டில் கிடந்த மற்றொரு கணினியின் பெட்டி பொருத்தப்பட்டது. விசிறி சுழன்றது, ஆயின் திரை இருண்டே இருந்தது. மீண்டும் மின்சாரத்தைத் துண்டித்து, நினைவகப் பலகையைக் கழற்றிப் பார்த்தபோது அதன் பொன்னிற முனைகளில் மாசு படிந்திருந்தது. கடற்காற்றின் உப்பும் இராப் பனியும் செய்த வேலை அது. பென்சில் அழிப்பானால் மெல்லத் தேய்த்துச் செருகியதும் திரையில் எழுத்துத் தோன்றியது. பழைய குறிப்புகள் யாவும் நலமே இருந்தன. நண்பர் முதலில் செய்த வேலை, அவற்றைப் பென்டிரைவ் இரண்டில் பிரதி செய்ததே.

பிழைத்த கடிகாரம்

துன்பம் அத்துடன் தீரவில்லை. கணினி காட்டிய திகதி பல ஆண்டுகள் பின்தங்கியிருந்தது. மின்சாரம் இல்லாதபோதும் நேரத்தைக் காப்பது தாய்ப்பலகையிலுள்ள காசளவான 3 வோல்ற் பற்றரி, அது வலுவிழந்திருந்தது. வீட்டிலே இது சிறு குறை, வான்குடிலிலோ பெருங்குறை. பூமி நான்கு நிமிடத்தில் ஒரு பாகை சுழல்கிறது. சந்திரனின் அகலமோ அரைப் பாகை. எனவே கடிகாரம் இரண்டு நிமிடம் பிழைத்தால், தொலைநோக்கி ஒரு சந்திரனளவு விலகி நோக்கும். கணினி எவ்வளவு நுட்பமாகக் கணித்தாலும், கொடுத்த நேரம் பிழையாயின் விடையும் பிழையே. அராலிச் சந்தியில் புதுப் பற்றரி வாங்கிவந்து, கைத்தொலைபேசியின் நேரத்தோடு ஒப்பிட்டுத் திருத்தினார் மருமகன்.

இரவு 9.57க்கு நிழல் சந்திரனைத் தொட்டது. மேகம் விலகிய போதெல்லாம் பிள்ளைகள் வரிசையாக நின்று நோக்கினர். 11.01 முதல் 12.23 வரை, 82 நிமிடம், சந்திரன் முழுவதும் நிழலுள் மூழ்கிச் செம்பு நிறம் பூண்டது. கமரா படமெடுத்துக் கொண்டிருக்க, நண்பர் ஒவ்வொரு குழியின் நேரத்தையும் கோடிட்ட கொப்பியில் கையாலும் எழுதினார்.

சோகி வைத்துக் கணித்தவருக்குக் கணக்கு நெஞ்சில் இருந்தது. நமக்கோ அது பெட்டியில் இருக்கிறது. பெட்டி வசதியானது, விரைவானது. ஒரு பல்லியால் அழியக் கூடியதும் ஆகும். மாணவர் கணினியைக் கற்பதோடு, அது கணிக்கும் கணக்கையும் கற்றல் வேண்டும். கற்றதைக் கொப்பியிலும் எழுதி வைத்தல் வேண்டும். பழுது நேர்ந்தவிடத்து அறிந்ததிலிருந்து அறியாததை நோக்கி ஒவ்வொரு படியாகச் செல்லும் பொறுமையும் வேண்டும். அன்றிரவு அக்குடிலில் பிள்ளைகள் கண்ட பாடங்களுள் கிரகணம் ஒன்று, இப்பொறுமை மற்றொன்று.