நிறமில்லை, மணமில்லை, சுவையில்லை



போன சனிக்கிழமை நம்ம நீர்காத்த அய்யனார் கோவிலுக்குப் போயிருந்தேன். ஆற்றில் கால் நனைத்து உட்கார்ந்திருந்தபோது, "டீச்சர், என்னைத் தெரியுதா?" என்று ஒருவன் வந்து நின்றான். எட்டாம் வகுப்பில் என்னிடம் படித்தவன். நூல் வியாபாரமாக முர்ஷிதாபாத்தில் பல வருஷம் இருந்துவிட்டு வந்திருக்கிறான். கும்பிட்ட கையைப் பிடித்துப் பார்த்தேன். உள்ளங்கை முழுக்கப் பருப்பு பருப்பாகக் காய்ப்பு. நெஞ்சில் மழைத்துளி விழுந்த மாதிரி புள்ளிகள்.

"ஆர்சனிக்காம் டீச்சர். வீட்டு அடிபம்புத் தண்ணிதான் குடிச்சோம். கண்ணாடி மாதிரி இருக்கும். நீங்கதான சொன்னீங்க, நல்ல தண்ணிக்கு நிறம், மணம், சுவை கிடையாதுன்னு."

சிரித்துக்கொண்டுதான் சொன்னான். எனக்குத்தான் சுருக்கென்றது. ஆர்சனிக் கலந்த தண்ணீருக்கும் நிறம், மணம், சுவை கிடையாதே! வெள்ளைப் பாஷாணம் என்போமே, அது ஆர்சனிக்கின் ஆக்சைடுதான். லிட்டருக்கு 0.01 மில்லிகிராம்தான் நம் நாட்டுக் குடிநீர் வரம்பு. கொதிக்க வைத்தாலும் போகாது, தண்ணீர் வற்ற வற்ற அடர்த்திதான் கூடும். வருஷக்கணக்கில் குடித்தால் தோல், நுரையீரல், சிறுநீர்ப்பை புற்றுநோய் வரை கொண்டுபோகும். வங்காளத்தில் இதை 1983இலேயே டாக்டர் கே.சி. சாகா கண்டு சொல்லிவிட்டார்.

அவன் கவலை இப்போது வேறு. இங்கே தோப்பு போர்த் தண்ணீர் குடத்தில் வைத்தால் சிவக்கிறதாம். "இதுவும் அதுதானா டீச்சர்?"

சிவப்பு இரும்பின் நிறம். ஆனால் இரண்டுக்கும் உறவு உண்டு. கங்கை வண்டல் மணலில் ஆர்சனிக், இரும்புத் துருவில் ஒட்டிக்கொண்டு கிடக்கிறது. பூமிக்கடியில் ஆக்சிஜன் தீர்ந்ததும் துரு கரைகிறது, ஒட்டியிருந்த பாஷாணமும் தண்ணீரில் இறங்கிவிடுகிறது. மேலே காற்றுப் பட்டு இரும்பு மறுபடி துருவானால் ஆர்சனிக்கையும் பிடித்துக்கொள்ளும். இந்தக் குணத்தை வைத்துத்தான் சென்னை ஐ.ஐ.டி. பேராசிரியர் பிரதீப் குழுவினர் இரும்புத் துகளால் வடிகட்டி செய்து வங்காளத்துக்குக் கொடுத்தார்கள். துரு என்றாலே கெடுதல் என்று பாடம் நடத்தினேனே! அப்படிப் பிடித்த சகதி மட்டும் விஷம்தான். கீரைப் பாத்தியில் கொட்டக்கூடாது.

நம்மூர் பாறை பூமி, கங்கை வண்டல் இல்லை. பெரும்பாலும் வெறும் இரும்பாகத்தான் இருக்கும் என்றேன். ஆனாலும் கண்ணால் பார்த்துச் சொல்கிற வேலையை நான் விட்டுவிட்டேன். குடிநீர் வடிகால் வாரிய ஆய்வகத்தில் கொடு, ஆர்சனிக்கும் பார்க்கச் சொல்லித் தனியாகக் கேள் என்றேன். பாட்டில் எடுத்துக்கொண்டு திங்கட்கிழமை போயிருக்கிறான். முடிவு வந்ததும் எழுதுகிறேன்.