முதலிடத்தைக் கைவிட்ட பேரம்

ஜொகூரின் தமிழ்ப்பள்ளித் திடல் ஒன்றில் மாலை வேளை. ஹாக்கி மட்டைகளோடு சிறுவர்கள் வரிசையாக நிற்கின்றனர். இரு தலைவர்கள் காசைச் சுண்டுகின்றனர். வென்றவன் முதலில் ஆள் எடுக்க வேண்டும். ஆனால் அவன் எடுக்கவில்லை. “முதல் ஆளை நீயே எடுத்துக்கொள். அடுத்த இருவரும் எனக்கு” என்கிறான். வரிசையில் நிற்கும் இணைபிரியா நண்பர் இருவர்மீது அவன் கண். ஒருவன் பந்தைத் தள்ளும் முன்னரே மற்றவன் அவ்விடத்திற்கு ஓடியிருப்பான். பத்து வயதுப் பாலகனுக்கு இந்தப் பேரத்தை யார் கற்பித்தார்களோ!

இதே பேரம் வட அமெரிக்காவின் பனித்தரை ஹாக்கியில் பெருந்தொழிலாகவே நடைபெறுகிறது. இந்திய ஹாக்கி லீக்கில் வீரர்களை ஏலத்தில் எடுக்கின்றனர். 2024-ஆம் ஆண்டு ஹர்மன்பிரீத் சிங் 78 இலட்சம் ரூபாய்க்குப் போனார். அங்கே பணம் பேசுகிறது. அமெரிக்க, கனடிய அணிகளோ இளம் வீரர்களை முறைவைத்துத் தேர்கின்றன. முந்திய பருவத்தில் பின்தங்கிய அணிகளுக்கே முன்வரிசை. தோற்றவனுக்கு இரங்கும் நல்ல ஏற்பாடுதான். எனினும் அம்முறையை விற்கலாம், மாற்றலாம். அங்கேதான் சூழ்ச்சி தொடங்குகிறது.

1999-ஆம் ஆண்டு சுவீடன் நாட்டு இரட்டையர் டேனியல் செடின், ஹென்ரிக் செடின் இருவரும் தேர்வுக்கு வந்தனர். ஒரே அணியில் ஆடுவதே அவர்கள் விருப்பம். வான்கூவர் அணியின் மேலாளர் பிரையன் பர்க்கிடம் இருந்ததோ மூன்றாம் இடம் ஒன்றே. அவர் பிரையன் மெக்கேப் என்னும் தற்காப்பு ஆட்டக்காரரையும், பின்னாளைய முதற்சுற்று உரிமை ஒன்றையும் சிக்காகோவுக்குக் கொடுத்து நான்காம் இடத்தைப் பெற்றார். அதனோடு மூன்றாம் சுற்று உரிமைகள் இரண்டைச் சேர்த்துத் தம்பா பே அணிக்குக் கொடுத்து முதலிடத்தை வாங்கினார்.

முதலிடம் கைக்கு வந்துவிட்டது. பிறர் அத்துடன் மகிழ்ந்து அமர்ந்திருப்பர். ஆனால் ஒன்றும் மூன்றும் தம்மிடம் இருக்க, இடையிலுள்ள இரண்டாம் இடத்தை வைத்திருந்த அட்லாண்டா அணி இரட்டையரில் ஒருவரைக் கவர்ந்துவிட்டால்? ஆகவே பர்க் முதலிடத்தை அட்லாண்டாவுக்கே கொடுத்து, இரண்டாம் இடத்தைப் பெற்றுக்கொண்டார். செடின்களைத் தொடுவதில்லை என்பது உடன்பாடு. அட்லாண்டா பாட்ரிக் ஸ்டெஃபானை எடுத்தது. டேனியல் இரண்டாமவராகவும் ஹென்ரிக் மூன்றாமவராகவும் வான்கூவர் சேர்ந்தனர்.

இருவரும் 2018 வரை அதே அணியில் ஆடினர். 2010-இல் ஹென்ரிக்கும், 2011-இல் டேனியலும் புள்ளிப் பட்டியலில் முதலிடம் பெற்றனர். 2011-இல் இறுதித் தொடரின் ஏழாம் ஆட்டம்வரை சென்று பாஸ்டனிடம் அணி தோற்றது. கோப்பை மட்டும் கைகூடவேயில்லை. ஸ்டெஃபானின் பெயரை இன்று நினைவுகூர்வோர் சிலரே.

மெக்கேப்பைக் கொடுத்தது தவறா? கணக்குப் பார்ப்போர் இல்லை என்பர். ஆயினும் அணிக்காக உழைத்த ஒருவர் ஒரு பேச்சுவார்த்தையில் விலைப்பொருளாகி வேறு நகருக்குப் பெட்டி கட்ட நேர்ந்ததை எந்தக் கணக்கில் எழுதுவது?

ஜொகூர்த் திடலில் பங்கீடு முடிந்துவிட்டது. நண்பர் இருவரும் ஒரே பக்கம் நிற்கின்றனர். ஒற்றைப்படையாய் மிஞ்சிய சிறுவன் ஒருவன், பிடியில் துணி சுற்றிய மட்டையைத் தரையில் ஊன்றியபடி இரு தலைவர்களின் முகத்தையும் மாறிமாறிப் பார்க்கிறான். “இவனையும் நீயே வைத்துக்கொள்” என்று அவர்கள் ஒருவரோடொருவர் வாதிடுகின்றனர்.