சோலெக்ஸைக் கழற்றி எறியாதீர்கள்

எழுபதுகளின் பீட்டில் கார் ஐடிலில் குலுங்கினால் ஜெர்மனியில் பலர் உடனே புது கார்புரேட்டர் தேடுகிறார்கள். அவசரம். முதலில் இக்னிஷன் டைமிங்கைப் பாருங்கள். பிறகு, ஓடும் எஞ்சினில் த்ராட்டில் தண்டின் ஓரத்தில் கார்புரேட்டர் கிளீனரை லேசாக அடியுங்கள் (பற்றிக்கொள்ளும் சரக்கு, ஜாக்கிரதை). சத்தம் மாறினால், தேய்ந்த துளை வழியே காற்று புகுகிறது. புஷ் மாற்றினாலே அந்த சோலெக்ஸ் 34 பிக்ட்-3 கார்புரேட்டர் தேறிவிடும்.

வெபர் கார்புரேட்டர் போட்டால் இழுவை கூடுமே என்பார்கள். கூடலாம். ஆனால் சோலெக்ஸின் ஜெட்டுகள் அந்த எஞ்சினுக்கென்றே அளந்தவை. புதியதில் அந்த அளவுகளை ஒன்றிலிருந்து தொடங்கவேண்டும். 30 வயதான வண்டிக்குத் தரும் ‘ஹெச்’ நம்பர் பிளேட்டும் அசல் நிலையைக் கேட்கிறது. அந்தக் காலத்து மாற்றங்களை ஏற்பார்கள், உண்மைதான். ஆனால் அதை நிரூபிப்பது உங்கள் பாடு. வருடத்துக்கு 191.73 யூரோ என்ற ஒரே வரி சும்மாவா கிடைக்கிறது? சோலெக்ஸை வைத்துக்கொண்டால், ட்யூனிங்கில் பலர் தொடுவதே தப்பான திருகு: எஞ்சின் சூடானபின் ஐடிலில் நிமிடத்துக்கு 850 சுற்றை த்ராட்டில் திருகால் அல்ல, பெரிய பைபாஸ் திருகால் வையுங்கள்.