வெளிச்சத்துக்கும் வரவு செலவுக் கணக்கு உண்டு

பவானி என்றதும் வெளியூர்க்காரர்களுக்கு இரண்டு விஷயம் ஞாபகம் வரும். ஒன்று, காவிரியும் பவானியும் சேரும் கூடுதுறை. இன்னொன்று, ஜமக்காளம். புதுசாகக் கேமரா வாங்கியவர்கள் முதலில் ஓடுவது கூடுதுறைக்குத்தான். வெட்டவெளி, ஆற்றுத் தண்ணீர், சங்கமேஸ்வரர் கோயில் கோபுரம்... ஆட்டோ மோடில் வைத்து அமுக்கினாலே படம் விழுந்துவிடும். பளீரென்ற வெயிலில் ஐ.எஸ்.ஓ. 100, எஃப் 16, 1/100 நொடி என்று வைத்தால் மீட்டரைப் பார்க்காமலே ஏறக்குறைய சரியாக வரும். ஃபிலிம் காலத்திலிருந்து வரும் 'சன்னி 16' விதி இது. ஆற்றங்கரையில் எல்லாருமே நல்ல போட்டோகிராபர்தான் :-)

வண்டவாளம் தெரிவது தறிக்குப் பக்கத்தில்.

ஜமக்காளம் நெய்வது குழித்தறியில். நெசவாளர் குழிக்குள் காலை விட்டு உட்கார்ந்து மிதிப்பார், கையால் நாடாவை ஓட்டுவார். வீட்டுக்குள் ஒரு ஜன்னல், ஒரு டியூப்லைட், அவ்வளவுதான் வெளிச்சம். நம் கண்ணுக்கு அது போதும், கண் தானாகவே சரிக்கட்டிக்கொள்ளும். கேமரா அப்படியில்லை.

அப்படி ஒரு வீட்டுக்குப் படம் எடுக்கப் போனான் ஒரு பி.காம். மாணவன். ஐ.எஸ்.ஓ. 100, எஃப் 5.6. கேமரா கேட்ட நேரம் அரை நொடி. அரை நொடியில் நெசவாளரின் கை இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரத்துக்குப் போய்விடும். படத்தில் முகம் இருந்தது, கை இருந்த இடத்தில் புகை மாதிரி ஏதோ இருந்தது. ஃப்ளாஷ் போட்டுப் பார்த்தான். பெரியவர் கண்ணைச் சுருக்கிக்கொண்டார். படத்தில் முகம் வெள்ளையடித்த சுவர் மாதிரி, பின்னால் ஒரே இருட்டு. கடைசியில், "ஐயா, ஒரு நிமிஷம் கையை நிறுத்துங்களேன்" என்று கேட்டான்.

"கைய நிறுத்துனா கூலி நின்னு போயிருமுங்க தம்பி. நீங்க பாட்டுக்கு எடுங்க, நான் பாட்டுக்கு ஓட்டறேன்" என்றார் அவர், சிரித்துக்கொண்டே.

அதில் நியாயம் இருந்தது. முடித்த உருப்படிக்குத்தான் கூலி. கேமராவைப் பழகாதவனுடைய நேரத்துக்கு அவர் ஏன் காசு கொடுக்க வேண்டும்?

அப்புறம்தான் அவனுக்குக் கல்லூரியில் படித்த இரட்டைப் பதிவு முறை கை கொடுத்தது. ஒரு பக்கம் பற்று எழுதினால் இன்னொரு பக்கம் வரவு எழுதியே ஆக வேண்டும். கேமராவில் அந்தக் கணக்கின் நாணயம் 'ஸ்டாப்'. ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் இரட்டிப்பு, அல்லது பாதி. கை உறைய 1/125 நொடி வேண்டும். அரை நொடியிலிருந்து அங்கே போக ஆறு ஸ்டாப் செலவு. அதை எங்கிருந்து ஈடுகட்டுவது? ஐ.எஸ்.ஓ.வை 100லிருந்து 1600க்கு ஏற்றினால் நாலு ஸ்டாப். நண்பனிடம் கடன் வாங்கிய 50 எம்.எம். லென்ஸில் துவாரத்தை 5.6லிருந்து 2.8க்குத் திறந்தால் இரண்டு ஸ்டாப். கணக்கு நேர்.

சும்மா எதுவும் வராது. ஐ.எஸ்.ஓ. ஏறினால் படத்தில் புள்ளிபுள்ளியாகச் சொரசொரப்பு வரும். துவாரம் திறந்தால் கை தெளிவாகவும் பின்னால் இருக்கும் பாவு மங்கலாகவும் இருக்கும். எதை இழக்கலாம் என்று முடிவு செய்வதுதான் 'மேனுவல் மோடு'. நாடா மட்டும் லேசாகக் கோடு இழுத்திருந்தால் அது குறையே இல்லை, அது ஓடிக்கொண்டுதானே இருந்தது!

இந்தக் கணக்குப் போடவே வழியில்லாத காலமும் இருந்தது. 1858ல் லின்னேயஸ் ட்ரைப் என்ற ஆங்கிலேய ராணுவ அதிகாரி மதுரையையும் தஞ்சாவூரையும் படம் எடுத்தார். அவர் பயன்படுத்திய காகித நெகட்டிவுக்கு வெளிச்சம் நெடுநேரம் வேண்டும். கோபுரமும் தூணும் கல்வெட்டும் அசையாமல் நின்றன, அற்புதமாகப் பதிந்தன. நடமாடிய மனிதர்கள் பதியவில்லை. வேலை செய்கிற கையைப் படம் பிடிக்கும் வசதி நமக்கு வந்திருக்கிறது, மொபைலின் 'ப்ரோ' மோடில்கூட!

இன்னொரு விஷயம், நிறம். ஜன்னல் வெளிச்சத்தில் நீலம் கலந்திருக்கும், டியூப்லைட்டில் பச்சை எட்டிப் பார்க்கும். இரண்டும் சேர்ந்தால் ஜமக்காளத்தின் சிவப்புப் பட்டை வேறு ஏதோ நிறமாகிவிடும். டியூப்லைட்டை அணைக்கச் சொல்லவும் முடியாது, அந்த வெளிச்சத்தில்தான் அவர் நெய்கிறார். ஜமக்காளத்தின் மேல் ஒரு வெள்ளைக் காகிதத்தை வைத்து, அதைப் பார்த்து ஒயிட் பேலன்ஸ் சரிசெய்தால் பெரும்பாலும் தப்பிக்கலாம். பவானி ஜமக்காளத்துக்கு 2005-06ல் புவிசார் குறியீடு கிடைத்தது. ஆனாலும் விசைத்தறிச் சரக்கை அதே பெயரில் விற்கிறார்கள் என்று நெசவாளர்கள் முறையிடுகிறார்கள். கடைக்கு வராமல் படத்தைப் பார்த்து வாங்குபவருக்கு நிறமும் இழையும்தான் சாட்சி. அதைப் படமே மாற்றிக் காட்டினால் எப்படி?

ஆகவே நண்பர்களே, செட்டிங்ஸை வீட்டிலேயே பழகுங்கள். அம்மா காய் நறுக்கும்போது ஜன்னல் பக்கம் நின்று பத்துப் படம், அதே இடத்தில் ஒவ்வொரு ஸ்டாப்பாக மாற்றிப் பத்துப் படம். அப்புறம் தறிக்குப் போங்கள். நீங்கள் வந்து போனதில் அந்தப் பெரியவரின் நாடா ஒரு தடவைகூட நிற்கவில்லை என்றால், பழகிவிட்டீர்கள் என்று அர்த்தம். ஒரு பிரிண்ட் போட்டு அவருக்கும் கொடுத்துவிட்டு வாருங்கள்.